முழங்காலுக்கு நாலு விரல் கீழே

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எர்கேஷ் வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஏப்ரல் மாதத்துப் பனியுருகிய தண்ணீர், எலும்பைக் கடிக்கும். அளவுகோல் பக்கத்திலேயே நட்டிருக்கிறது. அதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "முழங்காலுக்கு நாலு விரல் கீழ. போதும், மதகை இறக்குப்பா" என்கிறார். தலைநகரத்துப் பொறியாளர்கள் ஒருமுறை கருவி வைத்து அளந்தார்கள். அரை விரல்கூட வித்தியாசமில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முப்பது வருடமாக எங்கள் கிர்கிஸ் ஊரின் மடைக்காரர் அவர். ஆற்றுக்கு அந்தக் கரை தாஜிகிஸ்தான்; இரு கரைக்கும் இந்த ஒரே மதகிலிருந்துதான் முறைவைத்துத் தண்ணீர். அங்கே மடை பார்ப்பவர் நெமத்ஜான், ஆள் குள்ளம். "உங்க முழங்கால் எனக்குத் தொடைண்ணே. எந்தக் கணக்குல தண்ணி விடுறீங்க?" என்று இடக்குப் பண்ணுவார். "வளந்துட்டு வா, பேசிக்கலாம்" என்பார் எர்கேஷ்.

பிறகு துப்பாக்கிச் சண்டை வந்தது. இரண்டு ஊரும் எரிந்தன. எர்கேஷின் கூரையும் போயிற்று. ராணுவம் மதகைப் பூட்டியது. போன வசந்தத்தில், மதகைத் திறப்பது பற்றிய பேச்சுவார்த்தைக்கு அவர் கிளம்பியபோது, "கூரையைக் கொளுத்துனவனுக்கா தண்ணி? வெக்கமா இல்ல?" என்று கடைத்தெருவில் மறித்துக் கேட்டார்கள். "அவன் ஊரு ஆப்ரிகாட் மரமா வந்து கொளுத்துச்சு?" என்றபடி நடந்தார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. என் வீடும் எரிந்ததுதான்.

பாலத்தடியில் கூடாரம் போட்டு இரு நாட்டு அதிகாரிகளும் இரண்டு மடைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். முதல் முறை யாருக்கு என்பதிலேயே மூன்று மணி நேரம் போயிற்று. அங்கே ஆப்ரிகாட் பூத்து நின்றது, இங்கே வெங்காய நாற்று. பேச்சு முறிந்தால் மதகு திறக்காது, இரண்டும் கருகும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி ஒருவர், பதற்றத்தில், நெமத்ஜானின் கிண்ணத்தில் விளிம்பு வரை தேநீரை ஊற்றிவிட்டார். இரு கரையிலும் வழக்கம் ஒன்றுதான்: பாதி ஊற்றினால் 'இரு, இன்னும் தருகிறேன்', நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு'. நெமத்ஜானின் முகம் சுண்டிப்போயிற்று. "புரிஞ்சுதுங்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எர்கேஷ் அந்தக் கிண்ணத்தை எடுத்தார். பாதித் தேநீரைத் தன் கிண்ணத்தில் சாய்த்துக்கொண்டார். மீதியை, இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் நீட்டினார். அதிகாரிகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பூ பொறுக்காது, தம்பி. மொத முறை உன் மரத்துக்கு. உக்காரு."

நெமத்ஜான் தொப்பியைக் கீழே வைத்து உட்காரும்வரை, எர்கேஷ் நீட்டிய கை அப்படியே இருந்தது.