குரலில் மட்டும் இருந்தவள்

சிங்கப்பூரில், அண்ணனின் ஈசூன் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் என் பக்கம் சாய்ந்து, அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த அண்ணியைக் கண்ணால் காட்டி, "பாப்பா, இந்தம்மா யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாக்க அப்படியே உங்க அண்ணிதான். சேலைகூட அவளோடதுதான். ஆனா அவ இல்ல."

அண்ணன் ஜூரோங்கில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மழையில் சறுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, பல வாரம் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பியிருந்த சமயம் அது. வலது கை சரியாக எழவில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. மருத்துவர்தான் விளக்கினார். அண்ணியின் முகம் அவருக்குத் தெரிகிறது; அதைப் பார்த்ததும் தன்னவள் என்று உள்ளே எழவேண்டிய உணர்வு மட்டும் எழவில்லை; அதனால் இவள் வேறு யாரோ என்று மூளை தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. மிகவும் நெருங்கியவர்களிடம்தான் இப்படி நடக்கும் என்றும் சொன்னார். அதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோல அண்ணி தலையாட்டிக்கொண்டார்.

ஒருநாள் தேக்கா சந்தைக்குப் போன அண்ணி, என்ன மீன் வாங்குவது என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தார். கை முடியாததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "எங்கடி போயிட்ட இத்தன நாளா? யாரோ ஒரு பொம்பளைய வீட்டுல விட்டுட்டுப் போயிட்டியே!" மறுமுனையில் மீன்காரரின் கூவல் மட்டும் கேட்டது. குரல் வேறு வழியாக மனத்துக்குள் போகிறது போலும்.

அன்று முதல் அண்ணி மாலைதோறும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், கல் மேசையில் உட்கார்ந்து, மாடியிலிருக்கும் கணவருக்குப் போன் செய்தார். அண்ணன், வீட்டிலிருக்கும் பெண்ணைப் பற்றி மனைவியிடமே முறையிட்டார். "நல்லாத்தான் சமைக்கிறாங்க. ஆனா உன் கை ருசி வராது லா." பேசி முடித்து மேலே வந்து, அண்ணி அவருக்குச் சோறு போடுவார். அவர் மரியாதையாக நன்றி சொல்வார்.

மனிதர் என்பது உடலா, மனமா, நினைவுகளின் தொகுப்பா என்று பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கீழ்த்தளத்தில் ஒரு மாலை அண்ணி என்னிடம் கேட்டார். "என் முகம் தெரியுது, பேரு தெரியுது, கழுத்து மச்சம்கூடத் தெரியுது. அப்பவும் நான் இல்லங்கிறாரு. அப்போ நான்னா எது பாப்பா?" எழுதிய பக்கங்களில் ஒரு வரிகூட உதவவில்லை. அவரே தொடர்ந்தார். "போன்ல பேசுறாளே, அவ மேல எனக்கே பொறாமையா இருக்கு."

பிறகு ஒருநாள் அண்ணன் அண்ணியின் பையை எடுத்து வாசலில் வைத்தார். கோபமே இல்லை. "உங்க வீட்டுல தேடுவாங்கம்மா. போயிட்டு வாங்க. என் சம்சாரம் வர்ற நேரம்." எவ்வளவு சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. மனைவி வந்து பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று வாசலையே பார்த்தபடி நின்றார். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு ஜூரோங்கிலுள்ள தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணனை நான் பார்த்துக்கொண்டேன். போன் மட்டும் தினமும் வந்தது. "எப்ப வருவ?" என்பார் அண்ணன். "நாளைக்கு வரேங்க" என்பார் அண்ணி. இல்லாத அந்த நாளையை நம்பி இருவரும் ஓர் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

போன மாதம் வழக்கம்போல அழைப்பு வந்தது. "என்னங்க, சாப்பிட்டீங்களா?" அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "குரல் அவ மாதிரியேதான் இருக்கு. யாருங்க நீங்க?"

பழக்கமில்லாதவரிடம் பேசும் பணிவோடு அண்ணி சொன்னார். "மன்னிச்சுக்குங்க. ராங் நம்பர்."

அதன்பின் அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பொழுது சாய்ந்தால் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்கிறார். "உங்க அண்ணி இன்னிக்கும் போன் பண்ணலியே பாப்பா?"