எரிவு நின்ற கால்

சாய்ந்தமருதுக் கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற மீராசாவுக்குத் துருவோடுதான் சீவியம். உப்புக்காற்றை அவர் ஒருநாளும் ஏசியதில்லை. வீட்டுக்குச் சோறு போடுவதே அதுதானே. ஆனால் எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் ஸைனுலாப்தீன், மௌத்தான பிறகு, துருவைச் சுரண்டும்போதெல்லாம் அவருக்குக் காக்காவின் அரித்துப்போன கால்தான் கண்முன் வந்தது.

காக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. உள்ளங்கால் எரிகிறதென்று இரண்டு வருடமாக அலையோர ஈரமணலில் காலைப் புதைத்துக்கொண்டு இருந்த மனிதர். ஒருநாள் எரிவு நின்றது. “தம்பி, எரிவு போயிட்டுடா” என்று சிரித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரும் சொன்னது. மூன்றே மாதத்தில் காலில் புண் வைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தும் ஆள் தப்பவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் மீராசாவின் காதை விட்டுப் போகவே இல்லை.

நாலு வருடம் கழித்து அவருடைய கால்களும் எரியத் தொடங்கின. கல்முனையில் பார்த்த டாக்டர், வந்தவர் எஞ்சின்காரர் என்று அறிந்து அவருக்கு விளங்கும்படியே சொன்னார். இரத்தத்தில் சீனி மிஞ்சினால், இரும்பைத் துருவாக்கும் அதே ஒட்சிசன் உடம்புக்குள்ளும் கெட்டுப்போய் நரம்பையும் இரத்தக் குழாயையும் அரிக்குமாம். கண்ணும் சிறுநீரகமும்கூட அதற்குத் தப்பாதாம். எரியும்வரை நரம்புக்கு உயிர் இருக்கிறது, சும்மா நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து மீராசா எரிவு நிலைக்க வேண்டுமென்று துஆக் கேட்கும் மனிதரானார். மஃரிப் தொழுதுவிட்டுக் காலைப் பார்த்தபடி இருப்பார், எரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். குளிசை விழுங்கினார், தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்தினார். டாக்டர் சொன்னதை மட்டும் மனைவி ஸாலிஹாவிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாளாம். பெண்சாதியைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும் ஆண்களுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? அவளோ, படுத்தால் முனகும் மனுசனைப் பார்க்கப் பொறுக்காமல், எரிவு நின்றால் சர்க்கரைச்சோறு ஆக்கி அயலுக்கு நார்சா கொடுப்பதாக நேர்ச்சை வைத்தாள்.

எண்பத்தைந்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தவர், அயல் பெண்கள் தன் வீட்டு வாசலில் சர்க்கரைச்சோறு வாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டார். என்ன விசேஷம் என்று கேட்டார்.

“உங்கட காலுக்குத்தான். ஒரு மாசமா நித்திரையில நீங்க முனகல்ல. எரிவு போயிட்டு” என்றாள் ஸாலிஹா. அவளுடைய முகம் பெருநாள் முகமாக இருந்தது.

மீராசா அவளை உள்ளே கூட்டிப்போனார். நேற்று மஃரிபுக்குப் பிறகும் எரிகிறது என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எரிந்ததா? கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“என்ட அடிக்கால ஒருக்காப் பாரு புள்ள.”

சிரித்துக்கொண்டே குனிந்த ஸாலிஹாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வலது உள்ளங்காலில் துருப்பிடித்த கம்பித் துண்டொன்று ஏறியிருந்தது. சுற்றிலும் தோல் கறுத்து நாறியது. எப்போது குத்தியது என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தொழுகைக்குக் கழுவும்போதும் காலின்மேல் தண்ணீர் ஊற்றுவதோடு சரி, அடியைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

வாசலில் பெண்கள் அவருடைய காலுக்காகத் துஆ ஓதி ஆமீன் சொன்னார்கள். ஸாலிஹா பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இழுத்து எடுத்தாள். சீழும் இரத்தமும் அவள் கையில் வடிந்தன.

வலிக்கப்போகிறதென்று முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்த மீராசா கேட்டார்:

“இன்னும் இழுக்கல்லியா?”