மூன்று நாள் ஹர்த்தாலும் இரண்டு பைபர் படகுகளும்

1. என் கொப்பிக் கணக்கு

யுத்த காலத்தில் நாவற்குடாவில், வாவிக்கரையோரம் இருந்த ஒரு பைபர் படகுப் பட்டறையில் செக்கிங் வேலை பார்த்தேன். படகுக்குப் பூசும் ரெசின் பசையின் வாசம் தலைமுடிவரை ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் நின்றுவிடுகிறேன். அந்த இடத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

படகின் அச்சான மோல்டுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரிப்போம். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசினைப் பூசி, ரோலரால் காற்றை வெளியேற்றி, அதன்மேல் அடுத்த பாய். அடிப்பகுதிக்கு ஆறு பாய். ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று கொப்பியில் எழுதி, ஆறையும் கூட்டிப் படகின் பலத்தைச் சொல்வது என் பொறுப்பு. ஏ.எல். கணிதம் படித்தவள் என்ற திமிர் வேறு. வாங்க வருபவர்களிடம் முதலாளி என்னை "எங்கட இஞ்சினியர்" என்பார். நானும் மறுத்ததில்லை.

2. பளபளத்த பாய்

ஒரு திங்கட்கிழமை இரண்டு மோல்டிலும் மூன்று பாய் போட்டு முடித்த நேரம் ஹர்த்தால் என்று செய்தி வந்தது. போட்டது போட்டபடி ஓடினோம். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் ரெசின் முழுதாக இறுகிப் பளபளத்தது. அதன்மேல் அடுத்த பாய் பிடிக்காது. கிரைண்டரால் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அன்றைக்குக் கரண்டும் இல்லை.

"வாகரையில இருந்து ஆள் வந்து நிக்குது புள்ள. துணியால துடைச்சிப்போட்டு மிச்சத்தையும் போடுங்க," என்றார் முதலாளி.

போட்டோம். இறுகியதும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். உள்ளே பிரிந்திருந்தால் மந்தமாகக் கேட்கும். கணீரென்று கேட்டது. கையெழுத்து வைத்தேன். ஒரே லொறியில் இரண்டும் போயின. ஒன்று பாசிக்குடாவுக்கு, மற்றது வாகரைக் கணபதி அண்ணனுக்கு.

மறுநாள், கணபதி அண்ணனின் படகு ஓரத்தில் அனுப்புமுன் அரிந்து போட்டிருந்த துண்டை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து ஏறி நின்றேன். டப்பென்று மூன்று மூன்று பாயாகப் பிரிந்தது. பிரிந்த முகத்தில் ஒரு நார்கூடக் கிழிந்திருக்கவில்லை. ஒட்டாமல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, அதுதான் நாணயத்துக்குத் தெரியவில்லை. பாதித் தடிப்பில் இரண்டு தகடு தனித்தனியாக வளைந்தால் விறைப்பு காற்பங்குதான். என் கொப்பியோ ஆறும் ஒன்று என்று கூட்டியிருந்தது.

முதலாளியிடம் காட்டினேன். "போனது போயிட்டு. சும்மா கதையைக் கிளப்பாதீங்க," என்றார்.

3. வாகரையில் ஒரு கேள்வி

அடுத்த நாள் லீவு சொல்லாமல் பஸ் ஏறினேன். செக்பொயின்ட் எல்லாம் இறங்கி ஏறி வாகரை போய்ச் சேர மத்தியானம். கணபதி அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக இன்னும் அனுமதிப் பாஸ் கிடைக்கவில்லையாம். படகு கரையில்தான் கிடந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏசுவார் என்று பார்த்தால், "உங்கட கணக்குக் கிடக்கட்டும் புள்ள. போட் எந்த இடத்தில முதல்ல விட்டுப்போகும்?" என்றார்.

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எவ்வளவு தாங்கும் என்றுதான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

யோசித்துச் சொன்னேன். "முன்பக்கம், அடியில அண்ணன். அலை அடிக்க அடிக்க அந்த இடம் வளையும். உள்பாய் கழரும். மறுகா வெளிப்பாய் வெடிக்கும்."

"குறுக்கால கட்டை வச்சு, போல்ட் போட்டு ரெண்டையும் சேத்து இறுக்கினா?"

"தாங்கும்."

"சரி, அதை நான் பாக்கன். லொறியில என்ட போட்டோட வந்து பாசிக்குடாவில இறங்கினதே, அந்தப் போட்?"

அதே திங்கட்கிழமை, அதே மூன்று பாய். துண்டு உடைந்தது கணபதி அண்ணனின் படகில் என்பதால் அதை மட்டும் நினைத்துக்கொண்டு, பாசிக்குடாச் சந்தியைத் தாண்டித்தான் காலையில் வந்திருந்தேன்.

"நிக்காதீங்க. நானும் வாறன்," என்று எழும்பினார்.

4. பாசிக்குடா

நாங்கள் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். முன்பக்கம், அடியில், ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. ஆழமில்லாத குடாவுக்குள் வந்தபிறகு தண்ணீர் ஏறியதால், உடைமைக்காரர் இறங்கி நடந்தே இழுத்து வந்திருக்கிறார். இன்னும் அரை மைல் வெளியே என்றால்?

பட்டறையில் இருந்து வந்தவள் என்று தெரிந்ததும் அந்த மனுசன் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏசாதீங்க தங்கச்சி. புதுப் போட்டைக் கல்லில முட்டிப்போட்டன் போல. கவனிக்கல்ல."

வெடிப்பைத் தடவிப் பார்த்தேன். கல் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

"நீங்க முட்டல்ல அண்ணன். பிழை என்னில," என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டு படகுக்கும் கட்டை போட்டுக் கொடுத்தோம். அதன்பின் எந்தப் பாய் எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதாத படகுக்கு நான் கையெழுத்து வைத்ததில்லை. நீங்கள் பிழைவிட்டால் வாங்கியவர் உங்களைத் திட்டுவார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவர் தன்னைத்தான் திட்டிக்கொள்வார்.