பிள்ளையை யாரிடம் விடுவது

செயலமர்வு என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் பெயர் போட்ட துணிப் பனர் வந்துவிடும். பிறகு தின்ன றோல்ஸ், குடிக்கப் பிளேன்ரீ, குழுப்படம். இவ்வளவும் முடிந்து நேரம் மிஞ்சினால் விஷயம். சிறுவர் பாதுகாப்பைப் பற்றி முன்பள்ளி ஆசிரியைகளுக்கு வகுப்பெடுத்துத் திரிகிற எனக்கு இதில் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே, கடற்கரையோரம் இருந்த அந்தச் சின்ன முன்பள்ளிக்குப் போன அன்றும் பனர் கட்ட ஆணி தேடியே காலைப்பொழுதில் பாதி போயிற்று.

ஆசிரியைகள் நான்கு பேர். "பிள்ளையளுக்கு ஆராலை ஆபத்து வரும்?" என்று கேட்டேன். பிள்ளை பிடிகாரர், போதைத்தூள் விற்கிறவர்கள், வேறு ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து நிற்கிறவர்கள் என்று அடுக்கினார்கள். சொந்தக்காரர் என்று ஒருத்தி வாயிலும் வரவில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த, வீட்டுக்குள் வந்துபோகிற ஆளால்தான் தீங்கு வரும் என்று நான் சொன்னதும் நால்வரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

சரி, நடித்துப் பார்ப்போம் என்றேன். ஒரு தலையணைதான் பிள்ளை. நான் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிற மாமன். மீசை ஒன்றுதான் குறை. மூன்று பேர் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையணையைத் தூக்கித் தந்தார்கள். அவர்களில் மூத்தவர், "வெயிலுக்கை வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று உபசரிப்பும் செய்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். எங்கள் சனத்துக்கு ஆள் தெரிந்தவராக இருந்தால் போதும். அதற்கு மேல் விசாரித்தால் மரியாதைக் குறைவு, பிறகு கோயிலிலும் கலியாண வீட்டிலும் முகத்தைப் பார்க்க முடியாது.

நான்காவது ஆசிரியை எல்லோரிலும் இளையவள். தலையணையை மடியில் வைத்தபடி பேசாமல் இருந்தாள். தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

புறப்படும்போது அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு தாயையும் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை யார் யாரிடம் விடலாம் என்று கேட்க வேண்டும். தாய் சொன்ன ஆளைத் தவிர வேறு யார் வந்தாலும், கடவுளே வந்தாலும், விடக்கூடாது.

அடுத்த கிழமை மீண்டும் போனேன். பள்ளி விட்டு, ஒரு சின்னப் பெண்ணைத் தவிர மற்றப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய தாய்க்குப் பருத்தித்துறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை, பஸ் பிந்திவிட்டது. அந்த நேரம் முன்வாசல் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் ஊரில் பெரிய சம்மாட்டி. எத்தனையோ படகுகளுக்குச் சொந்தக்காரர். முன்பள்ளி நிற்கிற காணியே அவர் கொடுத்ததுதான். அந்தத் தாய்க்கு அவர் மாமன். சின்ன வயதில் தகப்பனை இழந்த அந்தத் தாயைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவரும் அவரே.

"பிள்ளையை விடு. நான் கொண்டுபோய் வீட்டை விடுறன்" என்றார்.

அவருடைய குரல் கேட்டதும் சின்னவள் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இளைய ஆசிரியை அதைப் பார்த்தாள். பிறகு படலைக்குப் போனாள், ஆனால் அதைத் திறக்கவில்லை.

"அம்மா வரட்டும் ஐயா."

"நான் ஆர் எண்டு தெரியாதே உனக்கு?"

"தெரியும் ஐயா. உங்கடை காணியிலைதான் நிக்கிறன். ஆனா அவ தன்னட்டை மட்டும்தான் விடச் சொன்னவ."

படலையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. அவர் தெருவுக்குக் கேட்கச் சத்தம் போட்டார். நாளைக்கே உன்னை வேலையால் நிற்பாட்டுகிறேன் என்றார். மூத்த ஆசிரியை பின்னால் நின்று, "விடு பிள்ளை, எங்கடை ஆள்தானே" என்று கெஞ்சினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

எத்தனை மண்டபங்களில், எத்தனை பனர்களுக்கு முன்னால் நான் ஒப்புவித்த வசனம்தான், தாய் சொன்ன ஆளிடம் மட்டும் பிள்ளையை விடு என்பது. அது ஒரு பெண்ணை இப்படி நிற்கவைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் வயதில் பாதிகூட இல்லாத அந்த இளைய ஆசிரியையைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

மழை தொடங்கிய பிறகு தாய் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அவர் அவளிடம், "பார், உன்ரை பிள்ளையை என்னட்டைத் தரமாட்டினமாம்" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம் மாமா. நான்தான் அப்பிடிச் சொன்னனான்."

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார். மகள் ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். தாய் மழைக்குள் நின்றபடியே, படலைக்கு மேலாலே இளைய ஆசிரியையின் கையைப் பிடித்தாள்.

"நான் சின்னனா இருக்கேக்கை எனக்கு ஒருத்தரும் இப்பிடிக் குறுக்கை நிக்கேல்லை ரீச்சர்" என்றாள்.