காப்புக் கட்டாமல் கும்மியடித்த அம்மா

அம்மாவின் முதலாண்டு நினைவு மலராகிய இதை அச்சுக்குக் கொடுப்பதற்காகத் திருத்தங்கலில் ஒரு டிசைன் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அதுவரை எல்லோரும் போடுவதைப் போல அம்மாவின் படம், தோற்றம், மறைவு, நான்கு வரிக் கவிதை என்று போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். கணினி முன்னால் இருந்த அண்ணன் அம்மாவின் படத்தை நடுவில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“மேல என்ன சாமி போட?”

“சாமி வேண்டாம்ணே.”

“அப்ப கட்சிக்காரவுகளா? கட்சின்னா கொடி போட்டுருவோம்.”

“கட்சியும் இல்லண்ணே.”

“ரெண்டும் இல்லேன்னா மேல வெறிச்சுன்னு கெடக்குமே. என்னதான் போட?”

“அம்மா பாடுற கும்மி ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு வரி போடுங்க.”

“என்ன கும்மி?”

“மாரியம்மன் கும்மிதான்.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, சாமி வேண்டாம்ங்கீக. சாமி பாட்டு வேணும்ங்கீக. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு முடிவாச் சொன்னீகன்னா நான் ஃபைலை மூடிருவேன்.”

அந்த இரண்டு வரியையே போடச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் வேலைக்காகக் கேட்டதைத்தான், சொந்தக்காரர்களாகிய நீங்கள் அம்மாவிடம் வாழ்நாள் முழுக்கச் சண்டையாகக் கேட்டீர்கள். சாமியை நம்பாதவளுக்குச் சாமி பாட்டில் என்ன வேலை? அம்மா பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. அதனால் அந்தப் பதிலை இப்போது அச்சில் தருகிறேன். நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று யாருக்காவது தோன்றினால், இரண்டு பக்கம் தள்ளிப் படங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அடுத்தவர் காட்டில் களை எடுத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். மூத்தவர் பெரியம்மா, இளையவர் மாமா, நடுவில் அம்மா. மழை ஏமாற்றிய ஒரு வருடத்தில் குடும்பம் மொத்தமாகத் திருத்தங்கலுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு தீப்பெட்டிக் கம்பெனிக்காகக் கட்டையில் தீக்குச்சி அடுக்கிய பிள்ளைகளில் அம்மாவும் ஒருவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. குச்சி நிற்கவில்லை. கலியாணமாகி நான் பிறந்து, லோடு லாரியில் போன அப்பா சாலையிலேயே இறந்துபோன பிறகு, அம்மா ஒரு காலண்டர் கம்பெனியில் சேர்ந்தார். “பட்டாசுக்குப் போனா கூலி கூடத்தான். ஆனா ஒனக்கு இருக்கறது நான் ஒருத்திதான்” என்பார். கடைசிவரை அங்கேதான், காலண்டர் தாளின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் வேலை.

சீசன் வந்தால் முருகனும் லட்சுமியும் மாரியம்மனும் கட்டுக்கட்டாக வந்து இறங்குவார்கள். காலில் ஒரு தாள் பட்டுவிட்டால் மற்ற பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மா ஒற்றிக்கொள்ள மாட்டார். ஆனால் மிதிக்கவும் மாட்டார், சுற்றிக்கொண்டு போவார்.

“என்ன மதினி, சாமி இல்லேங்கீக, சுத்திச் சுத்திப் போறீக?”

“மை காயல புள்ள. மிதிச்சா லட்சுமிக்கு ஒண்ணும் ஆகாது, என் கூலிதான் போகும்.”

அம்மாவின் நம்பிக்கை போனதற்கு ஒரு கதை இருக்கும் என்று பலரும் தேடினீர்கள். அப்பா இறந்ததால்தான் என்றார் பெரியம்மா. தன் பகுத்தறிவுக் கூட்டங்களைக் கேட்டதால்தான் என்றார் மாமா. இரண்டும் இல்லை. நானே ஒருமுறை கேட்டேன். “சின்னதுலேருந்தே எனக்குத் தோணல. சிலருக்குப் பாகக்காய் எறங்காதுல்ல, அது மாதிரி. இதுக்கு எதுக்கு இம்புட்டு விசாரணை?” என்றார்.

ஆனால் கும்மி வேறு.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறியதும் தெருவில் முளைப்பாரி போடுவார்கள். மாலையானால் பெண்கள் அதைச் சுற்றி வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வார்கள். அடியெடுப்பவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும் என்பது தெருக் கட்டுப்பாடு. அம்மா காப்புக் கட்டியதே இல்லை. நம்பாமல் கட்டினால் அது நம்புகிறவர்களை ஏமாற்றுவது என்பார். ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாதான் அடியெடுத்தார். அந்தக் குரலுக்காகத் தெருவே அந்தக் கையைப் பார்க்காமல் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்ததும் கையில் ஒட்டிய மையைக் கழுவி, முகத்தில் தண்ணீர் அடித்து, இருப்பதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு ஓடுவாரே, அந்த வேகம் வேறு எதற்கும் அவருக்கு வந்ததில்லை. பழைய அடிகளுக்கு நடுவே, காலண்டரில் தொங்கும் அம்மனைப் பார்த்துத் தானாகவும் அடி கட்டிச் சேர்ப்பார்.

“ஆணியில தொங்கையிலே அம்புட்டு அழகு நீயி
அடுப்புல பூனை தூங்க ஆருகிட்டப் போயிச் சொல்ல”

வட்டமே சிரித்துக்கொண்டு கைதட்டும். பெரியம்மா மட்டும் தட்டுவதை நிறுத்திவிடுவார்.

“ஏடி, நீ அம்மனை வையிறியா, பாடுறியா?”

“ரெண்டுந்தான் யக்கா. இருந்தா அவ கேக்கட்டும். இல்லேன்னா நீங்க இம்புட்டுப் பேரு கேக்கீகள்ல.”

இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? நான் மதுரை வரை போய்ப் படித்தவள். விடுதியில் விடிய விடிய இதைப் பற்றி வாதாடியிருக்கிறேன். நம்பாதவர் பண்டிகையில் சேர்ந்து பாடுவது போலித்தனமா, இல்லையா என்று ஆளுக்கொரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒருவரும் அம்மாவின் இந்தப் பதிலுக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். நம் ஊரே தீபாவளியை வைத்துத்தான் சாப்பிடுகிறது. எல்லா மதத்துக்காரர்களும் பட்டாசுக்குத் திரி வைக்கிறார்கள், பெட்டி ஒட்டுகிறார்கள். நரகாசுரன் கதையை நம்புகிறவர்களுக்கு மட்டுமே வேலை என்று எந்தக் கம்பெனி வாசலிலாவது எழுதியிருக்கிறதா? உழைப்பதற்கு நம்பிக்கை வேண்டாம், பாடுவதற்கு மட்டும் வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன் தெருக் கமிட்டி மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். வட்டத்தைச் சுற்றி வேலியாகக் கயிறு கட்டி, மைக் வைத்து, பெண்களின் கையில் காப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா அடியெடுத்து இரண்டு சுற்று போயிருக்கும். கமிட்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார்.

“கையைக் காமிங்க மதினி.”

அம்மா காட்டினார்.

“காப்பு எங்க?”

“நீங்க பாட்டைக் கேக்க வந்தீகளா, கயித்தைப் பாக்க வந்தீகளா?”

“கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாக. வெளிய வாங்க.”

அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். அக்கா ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா முளைப்பாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் அந்தக் குரலுக்குப் பின்னால் சுற்றிய தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா வேலிக் கயிற்றை உயர்த்திக் குனிந்து வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து உலை வைத்தார். வெளியே வேறு யாரோ அடியெடுக்கும் சத்தம் கேட்டது. “இழுத்துப் பாடுறா. அப்படி இழுத்தா கை எங்குட்டுத் தட்டும்?” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

இதைக் கேள்விப்பட்டு மாமா விருதுநகரிலிருந்து வந்தார். வருத்தமாக அல்ல, உற்சாகமாக. “இப்பவாச்சும் புரிஞ்சுதா யக்கா? நம்ம கூட்டத்துக்கு வா. நடந்ததை மேடையில சொல்லு.” நாங்கள் போனோம். மதவாதிகளால் விரட்டப்பட்ட உழைக்கும் பெண் என்று அறிமுகம் செய்து அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “எனக்குப் பேச வராது. என்னை எதுக்கு வெளிய விட்டாகளோ அதைப் பாடிக் காமிக்கேன்” என்று சொல்லிவிட்டு அம்மா கும்மியை எடுத்தார். மாரியம்மன் பேர் வந்ததும் மைக் அணைந்தது. மாமா மேடையோரம் ஓடி வந்தார்.

“யக்கா, மானத்தை வாங்காத. எறங்கு.”

“ஏலே, நான் பாடுனா இல்லாத சாமி வந்துருமா? வராதுன்னு நீதானல சொன்ன?”

மாமாவின் பகுத்தறிவு மன்றத்துக்காரர் ஒருவர் மட்டும் கைதட்டப் போய், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், தெருவை விட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நானும் மாமாவைப் போல நம்பாதவள்தான். கேள்வி கேட்பதே எங்கள் வேலை என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள் அன்று அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுவிட்சைத்தான் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அம்மா எங்கும் அடியெடுக்கவில்லை. போன வருடம் மூச்சு வாங்கத் தொடங்கியது. நடந்தால் வாங்கியது, பிறகு படுத்தாலும் வாங்கியது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். பெரியம்மா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்தார்.

“ஒரு மடக்குக் குடி. எனக்காகக் குடி.”

“குடு யக்கா. நாக்கு வறண்டு கெடக்கு, எந்தத் தண்ணியா இருந்தா என்ன?”

குடித்தார். மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு: கடைசியில் திருந்திவிட்டாள், தீர்த்தம் கேட்டு வாங்கிக் குடித்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவரை ஒரே இரவில் பக்தையாக்கினீர்கள். நான் வீடு வீடாகப் போய் மறுத்தேன். “ஏன் புள்ள, ஒங்கம்மா மோட்சத்துக்குப் போறதுல ஒனக்கு என்ன சங்கடம்?” என்று கேட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் அம்மா மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரியம்மா, மாமா, நான். “என்னைத் தூக்குறப்ப ஒப்பாரி வேண்டாம். நம்ம கும்மியைப் போடுங்க. வாசல்ல எல்லாரும் நின்னு கைதட்டிப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

பெரியம்மா எழுந்துவிட்டார். “சாவு வீட்டுல அம்மன் பாட்டா? தீட்டுடி. வருசம் கழியாம அந்தப் பேரை எடுக்கக் கூடாது.”

“மயக்கத்துல பேசுறா” என்றார் மாமா. “சாமி பாட்டோட எடுத்தா நாளைக்கு நம்ம தோழர்கள் என்ன நெனைப்பாக?”

வாழ்நாளில் எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் ஒத்துப்போனார்கள்.

அம்மா இறந்த அன்று பெரியம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். மாமா கைக்குட்டையால் துடைத்தார். பெரியம்மா மறுபடி பூசினார். அம்மாவின் நெற்றி அன்று பூசுவதும் துடைப்பதுமாகவே கிடந்தது. தெருமுனைச் சுவரில் இரண்டு சுவரொட்டிகள். ஒன்றில் அம்மா இருக்கன்குடி மாரியம்மன் திருவடி சேர்ந்தார். அதன் பாதியை மறைத்து ஒட்டிய இன்னொன்றில் உறுதிமிக்க பகுத்தறிவாளராக இயற்கை எய்தினார். இரண்டிலும் இருந்தது ஒரே படம், நான் எடுத்த படம். கம்பெனியிலிருந்து அம்மாவோடு தகரம் அடித்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். அவர்களில் ஒரு அத்தை வாசலில் நின்று மெதுவாகக் கும்மியை எடுத்தார். முதல் அடி முடிவதற்குள் உள்ளேயிருந்து, “யாரு அது, கூறுகெட்டவ?” என்று குரல் வந்தது. அத்தை நிறுத்திவிட்டார். சங்கு ஊதினார்கள், தூக்கினார்கள், போனார்கள். அவர் கேட்ட ஒன்றே ஒன்றையும் நாம் கொடுக்கவில்லை.

இனி நன்றி. முறை மாறி ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்த கம்பெனிப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும், அம்மா இருமும்போது முகம் சுளிக்காமல் முதுகைத் தடவிக்கொடுத்த நர்ஸ் அக்காவுக்கும் என் வணக்கம். பெரியம்மா கஞ்சி கொண்டுவராத நாள் இல்லை. மாமா ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். இருவருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. மன்னிக்க இன்னும் முடியவில்லை.

வருடம் கழியட்டும் என்றீர்கள் பெரியம்மா. இன்றோடு கழிந்துவிட்டது, தீட்டு இல்லை. தோழர்கள் என்ன நினைப்பார்கள் என்றீர்கள் மாமா. அவர்களையும் அழைத்திருக்கிறேன், நேரிலேயே நினைக்கட்டும். சாப்பாடு முடிந்து வெயில் தாழ்ந்ததும் நம் வீட்டு வாசலில் கும்மி. காப்புக் கட்டியவர்களும் வரலாம், கட்டாதவர்களும் வரலாம். கையை யாரும் பார்க்க மாட்டார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன், “பாக்கலாம்” என்றார். மாமாவிடம் சொன்னேன், சாப்பிட்டதும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். எனக்கு அம்மாவின் குரல் இல்லை. பாடியும் பழக்கமில்லை. இருந்தாலும் முதல் அடியை நான் எடுப்பேன். திருப்பிச் சொல்ல யாரும் வராவிட்டால், அதையும் நானே சொல்லிக்கொண்டு சுற்றுவேன்.