பை வைத்த நாற்காலி

சனிக்கிழமை மதியமானால் அத்தை என்னை லைப்ரரிக்குக் கூட்டிப்போவாள். நாங்கள் இருந்த ஜோகுபாளையத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கீழே படக்கதை புரட்டும்போது நாங்கள் மாடியில் இருந்த பாட்டு அறைக்குப் போய்விடுவோம். கேட்ட சி.டி.யைப் போட்டுக்கொடுத்து மேசைக்கு ஒரு ஹெட்போன் தருவார்கள். அத்தை அதை ஒரு காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை என் காதுக்குத் திருப்பிவிடுவாள்.

எல்லாம் வெள்ளைக்காரர்களின் சங்கீதம். அதில் ஒரு ஓபரா பாட்டுக்காக நான் உயிரை விட்டேன். ஒரு பெண் மெல்ல ஆரம்பித்து மேலே மேலே போவாள். பாஷை புரியாது; ஆனாலும் அவளோடு சேர்ந்து நானும் குதிகாலை உயர்த்திவிடுவேன். அதை ஒரு தடவையாவது இரண்டு காதாலும் முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஏங்கினேன். இப்போது போனில் நினைத்த நேரம் கேட்கிறேன், அந்த ஏக்கம் தீர்ந்தபாடில்லை.

மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அத்தை, இன்னொன்றில் அவளுடைய பை. நான் நின்றுகொண்டுதான் கேட்பேன்.

“ஆள் வருவாங்கடி, நீ நில்லு” என்பாள். யாரும் வந்ததில்லை. பைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே என்று கடுப்பாக இருக்கும்.

என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு வாரம் அந்த சி.டி.யை இரவல் எடுத்தாள். பிளேயர் இருந்ததோ பெரியப்பா வீட்டில். அன்று அங்கே தாத்தாவின் வருஷ நினைவுக்குச் செபமாலை. பெரியப்பா சி.டி. உறையைப் பார்த்தார். வெள்ளை முக்காடு போட்ட பெண், கூப்பிய கைகள். அவருக்கு அது போதும்.

“லத்தீன் பாட்டு! அப்பா காலத்துல கோயில் பூசையே இந்த பாஷையிலதான். ஜெபம் முடிஞ்சதும் போடலாம்.”

“அண்ணா, அது வந்து...” என்றாள் அத்தை. பெரியப்பா யார் பேச்சைக் கேட்டார்?

பாட்டு ஓடியது. வந்திருந்தவர்கள் மொத்தமும் முழங்காலில் நின்றார்கள். பெரியவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் கண்ணை மூடி, இரண்டு காதாலும் கடைசிவரை கேட்டேன். கண்ணைத் திறந்தால், அத்தை குலுங்கிக் குலுங்கி அழுகிறாள்.

“பாத்தீங்களா, அப்பா மேல எவ்ளோ பாசம்!” என்று பெரியப்பா எல்லோரிடமும் பெருமைப்பட்டார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன்: “சாமிகிட்ட அந்தம்மா என்ன கேக்குறாங்க, அத்தை?”

“சாமிகிட்ட இல்லடி. ஊரை விட்டுப் போன ஒருத்தர்கிட்ட. கதவுக்குத் தாப்பா போடாம வெச்சிருக்கேன், வந்துடுன்னு. உறைக்குள்ள இங்கிலீஷ்ல போட்டிருக்கு.”

“வந்தாரா?”

“அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுது.”

காதல் பாட்டுக்கா பெரியப்பா முழங்கால் போட்டார் என்று வீடுவரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“உக்காருடி. இனிமே இது உன் சீட்டு.”

ஹெட்போனையும் முழுசாக என் தலையில் மாட்டிவிட்டாள். அத்தனை நாள் யாருக்காக அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. கடைசியில் அந்தப் பையை ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், காலை ஆட்டிக்கொண்டே பாட்டைக் கேட்டேன்.