அவள் சேலையில் கறந்த பால்

மனைவியை அடக்கம் செய்த மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. மழை பொய்த்த நிலம், அவளுடைய நோய், ஆஸ்பத்திரி என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தேன். இனி யாருக்காக எழுவது என்று படுத்தே கிடந்தேன். தொழுவத்தில் எங்கள் ஒரே பசு விடாமல் கத்தியது. அவள் கைக்கு மட்டுமே அது பால் விடும்; நோயோடும் கடைசி நாள்வரை அவளேதான் கறந்தாள்.

பக்கத்து வீட்டுச் சாந்தாமணி கறக்கப் போய், உதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்கண்ணா, மடி கல்லாட்டக் கெடக்குது. கறக்காம உட்டா மடிநோவு வந்துருமுங்க. அக்கா சீலையச் சுத்திட்டுப் போய் உக்காருங்க.”

“ஊரே சிரிக்கும் சாந்தா.”

“சிரிக்கறவன வந்து கறக்கச் சொல்லுங்க!”

கொடியில் துவைக்காமல் கிடந்த சேலையை எடுத்து வேட்டிக்கு மேல் சுற்றிக்கொண்டேன். பசு முந்தானையை முகர்ந்தது. கத்தலை நிறுத்தியது. பால் இறங்கியது. மனைவி போனபின் அப்போதுதான் முதன்முறையாக அழுதேன். அழுதுகொண்டே கறந்தேன். மாலையிலும் கறக்க வேண்டியிருந்தது. மறுநாளும்தான்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் சேலையை மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். பசு திரும்பிக்கூடப் பார்க்காமல் பால் விட்டது. சாந்தாமணிக்குச் சந்தோஷம். எனக்கோ, மனைவி இன்னொரு முறை இறந்ததுபோல் இருந்தது.

வாழ்க்கை ஓயாத போராட்டம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் அன்று, வாளி நிறையும்வரை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.